தமிழர் திருநாளும் மாணவர் மணிமன்றமும்



சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்தது நம் யோங் பெங். இன்று நாம் நடத்தும் இலக்கிய விழாக்களுக்கு வழிகாட்டிய முயற்சிகள் அச்சாலையின் இரு முனைகளிலும் தோன்றின.

தெற்கு முனையில், 1935 முதல் வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடு கடந்து தமிழர் ஒன்றுகூட வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். பொங்கலையொட்டிய அவ்விழா மலாயாவிலும் பரவியது. அறிஞர்தம் சொற்பொழிவோடு பேச்சு, கட்டுரை, பாடல், நாடகம் எனப் போட்டிகளும் இடம்பெற்றன. மாணவரும் மேடை ஏறினர்.

திருநாள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவது. எஞ்சிய நாள்களுக்கு என்ன செய்வது? அதற்கும் சாரங்கபாணி வழி கண்டார். அதே காலகட்டத்தில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் மலர்ந்தது. மாணவர் எழுத்துகளுக்கு நாளிதழில் இடம் கிடைத்தது. பால்மரத் தோட்டத்துப் பிள்ளையும் தன் பெயரை அச்சில் காணும் வாய்ப்புப் பெற்றது. பிற்காலத்து எழுத்தாளர் பலர் அங்கிருந்து புறப்பட்டவர்களே.

வடக்கு முனையில், 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்'. 1950-ஆம் ஆண்டையொட்டி சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் 'கதை வகுப்பு' நடத்திப் புதியவர்களுக்கு எழுதக் கற்பித்தனர். 1952-இல் தமிழகத்திலிருந்து அந்நாளிதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, மாலை ஏற்று மறுநாளே திரும்பிய விருந்தினர் அல்லர். 1957 வரை இங்கே தங்கி, இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வழிநடத்தினார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விழாவின் பயன் கூட்டத்தின் அளவில் இல்லை. விழா முடிந்தபின் மாணவன் கையில் எஞ்சுவதில் உள்ளது. இன்று எழுத்தாளர் வரும்பொழுது நம் பிள்ளைகள் பெரும்பாலும் வரவேற்பு நடனம் ஆடுகின்றனர். பின்னர் நாற்காலிகளை நிரப்புகின்றனர். வந்தவரின் ஒரு கதையைக்கூட அவர்கள் படித்திருப்பதில்லை.

இனியேனும், எழுத்தாளர் வருமுன் அவர் கதை ஒன்றை வகுப்பில் படிப்போம். கேள்வி கேட்கும் உரிமையை முதலில் மாணவர்க்கு அளிப்போம். விழா முடிந்ததும் அவர்கள் எழுதுவதைப் பள்ளி இதழிலோ அறிவிப்புப் பலகையிலோ வெளியிடுவோம். பெற்றோரே, அதை நின்று படியுங்கள். தன் எழுத்தைப் படிக்க ஒருவர் உண்டு என்று அறிந்த பிள்ளை மீண்டும் எழுதும்.

வாழ்க தமிழ்!