சிவப்பாகத் தெரிந்த தென்னை

கரியமாணிக்கத்தில் ஒரு வரப்பின் மேல் ஏறி நின்று பாருங்கள் (புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது இந்த ஊர்). நெல், கரும்பு, தூரத்தில் தென்னை... எல்லாமே பச்சை! 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்து, 'இது நெல், அது கரும்பு' என்று சொல்ல முடியுமா? முடியும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் பிறந்தது ஒரு ஹெலிகாப்டரில்!

1970-ஐ ஒட்டிய நேரம். கேரளாவில் தென்னைகளை வேர் வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. மருந்து கிடையாது. ஓலை மஞ்சளாகித் தொங்கிய பிறகுதான் விவசாயிக்கே விஷயம் தெரியும். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து எண்ணி மாளுமா? பிஷாரடி என்கிற விஞ்ஞானி (சர் சி.வி.ராமனிடம் பயின்றவர்) தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, அகச்சிவப்பு ஃபிலிமில் படமெடுக்கச் செய்தார்.

ஏன் அந்த ஃபிலிம்? தெம்பான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். நோய் வந்தால் அது குறையும். கண்ணுக்குத் தெரியாததை எந்த நிறத்தில் காட்டுவது? சிவப்பில்! ஆக, நல்ல தென்னை ரத்தச் சிவப்பு; நோயாளித் தென்னை வெளிறிப்போனது. செயற்கைக்கோள் படங்களில் வயல்வெளி சிவப்பாக இருக்கும் ரகசியமும் இதுதான்.

1972-ல் அமெரிக்காவின் லேண்ட்சாட் இதை விண்வெளியிலிருந்தே செய்தது. நம்முடைய ஐ.ஆர்.எஸ்-1ஏ, 1988 மார்ச் 17-ல் சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போனது. அதன் ஒரு கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். அதாவது, ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல்! அரை ஏக்கர்க்காரர் பாடு? அவருடைய நெல்லும் பக்கத்துக்காரர் கரும்பும் கலந்து ஒரே புள்ளி! இன்னொரு கேமராவில் இது சுமார் 32 சென்ட். 2019-ல் போன கார்ட்டோசாட்-3, கறுப்பு வெள்ளையில் கால் மீட்டர் வரை பிரித்துக் காட்டும்.

ஆனால், எந்தக் கேமராவுக்கும் தெரியாத ஒன்று இங்கே உண்டு. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள்... பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்கு போட்டுக்கொண்ட லட்சணம்! மேலேயிருந்து பார்த்தால் இந்தப் பக்கத்துக் கரும்பும் அந்தப் பக்கத்துக் கரும்பும் ஒரே சிவப்பு. 2011 டிசம்பர் 30-ல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலும் எல்லை பார்த்து அடிக்கவில்லை. நிவாரணம் எந்த சர்க்கார் தர வேண்டும் என்பதற்கு மட்டும் அந்தக் கோடு வேண்டும். அதை ரெவின்யூ மேப்பிலிருந்து எடுத்துப் படத்தின் மேல் ஒட்ட வேண்டியதுதான். 'இது கரும்புதானா?' என்று சந்தேகம் வந்தாலோ, படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் அந்த வரப்புக்கே நடந்து வந்தாக வேண்டும்.