கற்பிட்டிக் கோட்டையும் காணாத இராச்சியமும்

புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் பெருந்தெருவை விட்டுத் திரும்பினால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கின் மீது பயணம் செய்யலாம். அதன் வடமுனையை அண்டி இருப்பது கற்பிட்டி. அங்கே ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் வாயில்முகப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டாகும். போர்க் கோட்டையின் வாயில் போல அல்லாமல், மணி தொங்கும் ஒரு தேவாலயத்தின் முகப்பைப் போல அது காட்சி தரும். கண்டி அரசனிடம் வழிபாட்டுத்தலம் கட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கோட்டையைக் கட்டினார்கள், அதனால்தான் வாயில் அப்படி அமைந்தது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்த வாயில் ஒரு கேள்வியை எழுப்பாமல் விடுவதில்லை. ஆலயத்தின் முகமும் பீரங்கியின் வயிறும் கொண்ட அரசுகள் மாறி மாறி வந்துபோன இந்தக் கரையிலே, "கடவுளின் இராச்சியம்" என்ற சொல்லைக் கேட்ட சாதாரண மனிதன் அதை எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பான்? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய தமிழ்ச் செப நூல்கள் "இராச்சியம்" என்றன. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் "இறையாட்சி" என்கிறது. இராச்சியம் என்றதும் எல்லையும் சுங்கமும் அரண்மனையும் மனத்தில் எழுகின்றன. ஆட்சி என்பதோ ஒரு நிலப்பரப்பன்று, ஒரு நடப்பு. யாருடைய சொற்படி மனிதர் ஒருவரையொருவர் நடத்துகிறார்கள் என்பதே அங்கே கேள்வி. உரோமப் பேரரசின் காலடியில் கிடந்த யூத மக்களிடம் இயேசு இந்தச் சொல்லைப் பேசியபோது, வாளெடுத்து உரோமரை விரட்டும் அரசனைத்தான் பலர் எதிர்பார்த்தார்கள். அவரோ கடுகு விதையையும், மாவில் மறைந்த புளிப்பையும் உவமையாகச் சொன்னார். பிலாத்துவின் முன் விசாரணைக்கு நின்றபோதும், தம் அரசு இவ்வுலக அரசுகளின் சாயலில் அமைந்ததல்ல என்றே மறுமொழி கூறினார். ஆனாலும் இரண்டு வகைத் தவறான விளக்கம் அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. ஒன்று, ஏதோ ஓர் அரசனின் கொடியையே கடவுளின் கொடியாக எண்ணுவது. மற்றது, இறந்த பின் கிடைக்கும் வானுலகம் என்று ஒதுக்கிவிட்டு இவ்வுலகத் துன்பத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது. நமது மேற்குக் கரையின் வரலாறு இவ்விரண்டையும் கண்டிருக்கிறது. இவற்றுக்கு அப்பாற்பட்ட மூன்றாவது ஒன்றையும் கண்டிருக்கிறது.

1505 இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் ஒரு கையில் சிலுவையும் மறுகையில் வாளும் கொண்டிருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. இதே கரையிலுள்ள முன்னேஸ்வரம் கோயில் அவர்களால் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாண அரசனும் சளைத்தவனல்லன். 1544 இல் சங்கிலி மன்னனின் படை மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வீடிழந்த அம்மக்களுக்கு இடங்கொடுத்தவன் கண்டி அரசன் செனரத். அவன் பௌத்தன், அவர்கள் முஸ்லிம்கள், விரட்டியவர்கள் கிறிஸ்தவர்கள். இந்த வரிசையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது திரும்பவும் வரும்.

1656 இல் கொழும்பும் 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. மறு ஆண்டிலே கற்பிட்டியும் அவர்கள் கைக்குப் போயிற்று. புத்தளக் களப்பின் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போகும் வணிகத்தைக் கழுத்தில் பிடிப்பதற்கே கற்பிட்டியில் கோட்டை வேண்டியிருந்தது. புரட்டஸ்தாந்து மதத்தவரான ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை நாட்டை விட்டு அகற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658 இல் ஆணை பிறந்தது. ஒருகாலத்தில் அரசின் செல்லப்பிள்ளையாக இருந்த சமயம் ஒரே ஆண்டில் குற்றமாகிவிட்டது.

இனித்தான் நமது கதை தொடங்குகிறது. குருவில்லை, கோயிலில்லை, பூசையில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. இந்த இடைவெளியில் நம்பிக்கையைக் காத்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். ஊர் மூப்பரும், செபம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவிமாரும், வீட்டு மூலையில் செபமாலை உருட்டிய மூதாட்டிகளுமே காத்தார்கள். அவர்களை நாம் வீரர்களாக மட்டும் தீட்டிவிடவும் கூடாது. ஒல்லாந்த ஆட்சியில் திருமணம் செல்லுபடியாகவும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைக்கவும், உத்தியோகம் பெறவும் அவர்களது கோயிலில் பதிவு வேண்டும். ஆகவே பகலில் அங்கே பெயரைப் பதிந்தவர் பலர் இரவில் வீட்டில் பழைய செபத்தைச் சொன்னார்கள். இது கோழைத்தனமா, விவேகமா? பாதுகாப்பான நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி யப்பானிலும் நடந்தது. 1614 இல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1865 இல் நாகசாக்கியில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்த கிராமத்தவர் சிலர், தங்கள் உள்ளமும் அந்தக் குருவின் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லித் தங்களை வெளிப்படுத்தினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவின் முகத்தையே காணாத தலைமுறைகள் திருமுழுக்கையும் செபத்தையும் கையளித்து வந்திருந்தன. காத்திருத்தல் என்பது சும்மாயிருத்தல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமது கரைக்கு அந்தக் குரு 1687 இல் வந்தார். கோவாவின் பெனோலிம் ஊரில் 1651 இல் பிறந்த யோசவ் வாஸ் அடிகளார்தான் அவர். ஒரு துணைவருடன் கூலிக்காரக் கோலத்தில் மன்னார்க் கரையை அடைந்து யாழ்ப்பாணம் போனார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாக இரந்து திரிந்தார் என்றும், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தே கத்தோலிக்கரைக் கண்டறிந்தார் என்றும் கூறுவர். சில்லாலை மக்கள் அவருக்கு இடங்கொடுத்தனர். 1689 நத்தாரின்போது ஒல்லாந்தர் நடத்திய சோதனையில் கத்தோலிக்கர் பலர் பிடிபட்டனர். அடிகளார் தப்பினார். மறு ஆண்டில் அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம்.

ஏன் புத்தளம்? களப்பின் அக்கரையில் கற்பிட்டி ஒல்லாந்தருடையது. இக்கரையில் புத்தளம் கண்டி அரசனுடையது. ஒரு தோணி கடக்கும் தூரத்திலே ஒரே செபம் ஒரு கரையில் குற்றம், மறுகரையில் குற்றமில்லை. 1692 இல் அடிகளார் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். சந்தேகத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. அதற்கு முன் சிலுவை வந்த போதெல்லாம் அதன் பின்னால் ஒரு கப்பற்படையும் வந்திருந்ததல்லவா? ஆனால் இந்த மனிதரின் பின்னால் படை எதுவும் இல்லை என்பதைச் சிறிது சிறிதாகக் கண்டி உணர்ந்தது. இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் அளித்தான். 1697 இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு விலகினர். நோயாளரைச் சொந்த உறவினரே கைவிட்டனர். அடிகளார் தங்கியிருந்து, சமயம் பாராமல் நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். 1711 சனவரி 16 இல் கண்டியிலேயே அவர் காலமானார். 1995 இல் கொழும்பில் அருளாளராகவும் 2015 இல் காலிமுகத் திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இங்கே ஒரு கணம் நிற்போம். 1626 இல் கிறிஸ்தவர்கள் விரட்டிய முஸ்லிம்களுக்கு இடங்கொடுத்த செனரத்தின் பேரன்தான் இந்த விமலதர்மசூரியன். பாட்டன் முஸ்லிம்களுக்கும் பேரன் கத்தோலிக்கருக்கும் நிழல் தந்தார்கள். கடவுளின் ஆட்சியைப் பற்றிப் போதித்தவர்கள் செய்யத் தவறியதை, அச்சொல்லையே உச்சரிக்காத ஓர் அரச குடும்பம் செய்து காட்டியது. எனினும் அந்த நிழலும் நிலையானதாக இருக்கவில்லை. 1739 இல் அரியணையேறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எந்தச் சிம்மாசனத்தையும் கடவுளின் சிம்மாசனமாக எண்ணிவிடாதே என்பதை இந்த மக்கள் நான்கு அரசுகளிடம் நான்கு முறை கற்றார்கள்.

இலக்கிய நேயர்கள் மறக்கக்கூடாத மற்றொருவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவிலிருந்து 1705 இல் வந்த அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, 1742 இல் போலவத்தையில் காலமானார். அவரது தேவ அருள்வேத புராணமும், சுகிர்த தர்ப்பணமும், வியாகுலப் பிரசங்கமும் ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழின் அடித்தளக் கற்கள். குருக்கள் சில பேரே இருந்த காலத்தில், அடிகளாரின் பாதம் போகமுடியாத இடத்துக்கு ஏடு போயிற்று. படி எடுத்தவர்களும் வாசித்தவர்களும் அண்ணாவிமார்.

அவற்றுள் வியாகுலப் பிரசங்கத்தின் சிறப்பு தனியானது. கிறிஸ்துவின் பாடுகளைத் தவக்காலத்தில் ஒப்பாரியின் சாயலில் இழுத்து வாசிப்பார்கள். கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். இது வெறும் அழுகை என்று சிலர் குறைசொல்லக்கூடும். ஆனால் நம்முடைய ஒப்பாரி மரபை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். இறந்தவரின் பெருமையைச் சொல்லி அழும்போதே, இவ்வாறு நடந்திருக்கக்கூடாது என்ற வழக்கையும் அந்தப் பெண் ஊரறியத் தொடுக்கிறாள். தீர்ப்பு இல்லாத உலகில் வழக்குத் தொடுப்பார் யார்? நியாயம் ஒருநாள் கேட்கப்படும் என்று நம்புகிறவளே ஒப்பாரி வைக்கிறாள். நம்பிக்கை என்பது கண்ணீரைத் துடைத்துவிட்டுச் சிரிப்பது அன்று. கண்ணீரோடு வழக்கைக் கைவிடாதிருப்பதும் நம்பிக்கைதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 இல் மெயிற்லண்ட் தேசாதிபதி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். மறு ஆண்டு, 1807 இல், கற்பிட்டியில் பிறந்தார் சைமன் காசிச்செட்டி. 1834 இல் இலங்கை இடவிளக்க நூலையும் 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறான "தமிழ் புளூட்டார்க்" என்ற ஆங்கில நூலையும் தந்த அறிஞர் அவர். கிறிஸ்தவரான அவர் தமது நூலில் சைவப் புலவரையும் வைணவப் புலவரையும் இஸ்லாமியப் புலவரையும் கிறிஸ்தவப் புலவரையும் ஒரே அகரவரிசையில் அமர்த்தினார். ஒரு தலைமுறைக்கு முன்வரை செபத்துக்கே ஒளிந்த ஒரு கரையிலிருந்து இத்தகைய நூல் வந்தது என்பதை எண்ணும்போது, கடுகு விதையின் உவமை நினைவுக்கு வராமல் போகாது.

நேயர்களே, இவை பழங்கதைகள் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்களின் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். கையில் கொண்டுவரக்கூடியதை மட்டும் கொண்டு வந்த அம்மக்களில் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது இதே புத்தளம் மாவட்டத்தில்தான். 1626 திரும்பி வந்தது. இம்முறை விரட்டியவர்கள் தமிழ் பேசுவோர், விரட்டப்பட்டவர்களும் தமிழ் பேசுவோர். 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது மடுமாதாவின் திருச்சொரூபமே ஆலயத்தை விட்டு இடம்பெயர வேண்டியிருந்தது. 2019 ஏப்பிரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, இதே மேற்குக் கரையில் நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் சில வாரங்களில், வடமேல் மாகாணத்தின் முஸ்லிம் ஊர்கள் சில தாக்கப்பட்டன. குற்றமற்றவன் மற்றொரு குற்றமற்றவனுக்காகத் தண்டிக்கப்படும் பழைய வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

இத்தகைய காலத்தில் "உமது ஆட்சி வரவேண்டும்" என்று ஒருவர் மன்றாடுவது எதைக் கேட்பதாகும்? நமது கட்சி வெல்ல வேண்டும் என்பதையன்று. கற்பிட்டியின் வரலாறு அந்த மன்றாட்டுக்கு ஓர் உரை எழுதியிருக்கிறது. அம்மை நோயாளியைக் கழுவிய கை, படைகளுக்கிடையே தோணி செலுத்திய கை, அகதிக்குப் பாயும் கறியும் கொடுத்த கை, பிறர் புலவரையும் தம் நூலில் ஏற்றிய கை, இவையெல்லாம் அந்த ஆட்சி நடக்கும் இடங்கள். அவ்வாட்சி முழுமையாக வந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. வராது என்று சொல்லிவிட்டு இருந்துவிடவும் முடியாது.

கற்பிட்டிக்குப் போகும் வழியில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. பங்குனியிலும் ஆவணியிலும் வரும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். மணலிலே கூடாரமடித்து, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, அவரவர் மொழியில் செபிப்பார்கள். சில நாட்களின் பின் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிடுவார்கள். ஊரில் பழைய பகைகள் காத்திருக்கும். ஆனாலும் அடுத்த ஆண்டும் அவர்கள் வருகிறார்கள். கோட்டை பீரங்கியை இழந்து வெகுகாலமாயிற்று. மணலில் நாட்டிய கூடாரக் கம்புகள் மட்டும் ஆண்டுதோறும் மீண்டும் நாட்டப்படுகின்றன.