ஒரே கதவிலக்கத்தில் ஆயிரம் குடித்தனம்

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் ஹெச்டிடிபி நெறிமுறையில், 1991 நிலவரப்படி, உலாவி கேட்பது ஒரே ஒரு வரிதான். 'கெட்' என்று ஒரு சொல், அதன் பின்னால் வேண்டிய பக்கத்தின் பாதை. சர்வர் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வரியில் இல்லாத ஒன்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. எந்தத் தளத்தைத் தேடி வந்திருக்கிறோம் என்ற பெயர் அதில் கிடையாது. நாம் தட்டச்சு செய்யும் பெயரை டிஎன்எஸ் ஓர் எண்ணாக, அதாவது ஐபி முகவரியாக, மாற்றித் தரும். எண் கிடைத்ததும் பெயரின் வேலை முடிந்தது. உலாவி அந்த எண்ணின் கதவைத் தட்டும்போது பெயரைச் சொல்வதில்லை. ஒரு கணினி, ஒரு எண், ஒரு தளம் என்றிருந்த காலத்தில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

1990களின் நடுவில் கடைக்காரர்களும் சங்கங்களும் பத்திரிகைகளும் தளம் வைக்க ஆசைப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி கட்டுப்படியாகாது. ஒரே கணினியில் பல தளங்களை வைக்கலாம், ஆனால் தளத்துக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும். வந்தவர் யாரைப் பார்க்க வந்தார் என்று சர்வர் தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. அதாவது, இன்று கூடுதல் காசுக்கு விற்கும் 'தனி ஐபி'தான் அன்று எல்லோருக்கும் இயல்பு.

அது நீடிக்காது என்பது கணக்கிலேயே இருந்தது. ஐபியின் நான்காம் பதிப்பு 32 பிட். மொத்த முகவரிகள் 429 கோடி சொச்சம். இந்த அளவைத் தேர்ந்தெடுத்த விண்ட் செர்ஃப், ஒரு பரிசோதனைக்கு இது போதும் என்றே அப்போது நினைத்ததாகப் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடியவே இல்லை, அது அப்படியே உலகமாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஆரம்பத்தில் முகவரிகளை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி என்ற ஒரே பல்கலைக்கழகத்தின் கையில் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன!

தீர்வு ஒரு வரியில் வந்தது. 1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிடிபி 1.1, கேட்கும்போதே தளத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த வரிக்குப் பெயர் 'ஹோஸ்ட்'. முறையான ஆவணம் வரும் முன்பே உலாவிகள் அதை அனுப்பத் தொடங்கியிருந்தன. திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒன்று, கதவிலக்கம் ஒன்று, உள்ளே பத்துக் குடும்பங்கள். தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். ஹோஸ்ட் வரி செய்ததும் அதையேதான். 2003இல் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்துக்காக பென் எடல்மன் எண்ணிப் பார்த்தபோது, இயங்கிக்கொண்டிருந்த காம், நெட், ஆர்க் தளங்களில் 87 விழுக்காட்டுக்கு மேல் இன்னொரு தளத்தோடு முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. குறைந்த காசில் யார் வேண்டுமானாலும் தளம் வைக்கலாம் என்ற நிலை வந்ததற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம் என்பது என் கட்சி.

எஸ்எஸ்எல் இருந்த இடத்தில் மட்டும் இது எடுபடவில்லை. குறியாக்கத்துக்கான கைகுலுக்கல் முதலில் நடக்க வேண்டும், ஹோஸ்ட் வரி அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் கைகுலுக்கும்போதே சர்வர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். வந்தவர் யாரைத் தேடுகிறார் என்று தெரியாமல் யாருடைய சான்றிதழைக் காட்டுவது? ஆகவே பூட்டுப்படம் வேண்டுமானால் தனி ஐபி என்று ஆனது.

நான் பொறியியல் முடித்துவிட்டு 2012இல் சேர்ந்த முதல் வேலை, சென்னையில் ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தின் சப்போர்ட் மேசை. தனி ஐபி வேண்டுமா என்பது தினமும் வரும் கேள்வி. சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர் அச்சகக்காரர் வாராவாரம் கூப்பிடுவார். "தம்பி, தனி ஐபி போட்டா கூகிள்ல மேல வருமாமே, நெசமா?" இல்லை என்று கூகிள்காரர்களே திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது. ஆனாலும் தனி ஐபி என்றால் தனி வீடு மாதிரி ஒரு கௌரவம். "அதெல்லாம் வேணாம் சார்" என்றால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பார். பூட்டு வேண்டும் என்று கேட்டவர்களின் கதைதான் பாவம். சான்றிதழுக்கு ஒரு காசு, அதைக் காட்ட ஐபிக்கு ஒரு காசு, இரண்டும் சேர்ந்து ஹோஸ்டிங் வாடகையைத் தாண்டிவிடும். சிறு பத்திரிகை நடத்துபவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் சார், கவிதைக்கு எதுக்குப் பூட்டு" என்று போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் விடை 2003 ஜூனிலேயே எழுதப்பட்டிருந்தது. எஸ்என்ஐ என்று பெயர். கைகுலுக்கலின் முதல் செய்தியிலேயே தளத்தின் பெயரைச் சொல்லிவிடுவது, அவ்வளவுதான். ஆனால் அப்பாச்சி சர்வரில் அது வர 2009 ஆனது. அதன் பிறகும் விண்டோஸ் எக்ஸ்பி வழிமறித்தது. எக்ஸ்பியில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு எஸ்என்ஐ தெரியாது, நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலோ எங்கு பார்த்தாலும் எக்ஸ்பிதான். இதற்கிடையே 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டன. அதே ஆண்டு, ஏற்கெனவே திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஒன்று 11 டாலர் 25 சென்ட். சும்மா கிடைத்த எண்ணுக்குச் சந்தை விலை வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் இலவசச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. எஸ்என்ஐ இல்லாமல் போயிருந்தால் அந்த இலவசத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. ஐபி காசு யார் கொடுப்பது?

ஒண்டுக்குடித்தனத்தின் சங்கடங்களும் இங்கே உண்டு. பக்கத்துத் தளக்காரன் ஸ்பேம் அனுப்பினால் நம் மின்னஞ்சலும் குப்பைக்குப் போகும். அதைவிடப் பெரிது, அரசாங்கம் ஒருவரைத் தேடி வந்து மொத்த வீட்டையும் பூட்டுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2002இல் ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. நானூறுக்கும் குறைவான தளங்களைத் தடுக்கப்போய், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அப்பாவித் தளங்கள் முடங்கின. 2004 செப்டம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. இந்தியாவில் 2003 செப்டம்பரில் மேகாலயத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் குழுவைத் தடுக்க உத்தரவு வந்தது. அதை மட்டும் பிரித்துத் தடுக்க வழியில்லாத இணைய நிறுவனங்கள் யாஹூ குழுமங்களை மொத்தமாக மூடின. மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் அன்று அங்கேதான் குடியிருந்தன. 2006 ஜூலையில் சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னதற்கு பிளாக்ஸ்பாட் முழுவதும் சில நாட்கள் இருண்டது. வெண்பா எழுதியவரும் சமையல் குறிப்பு எழுதியவரும் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

இப்போது அப்படி மொத்தமாகப் பூட்ட வேண்டியதில்லை. கைகுலுக்கலில் பெயரைச் சொல்கிறோம் இல்லையா, அது குறியாக்கம் தொடங்கும் முன்னால் சொல்லப்படுவது. வாசலில் நின்று உரக்கச் சொல்வது மாதிரி, வழியில் இருப்பவர் எவருக்கும் கேட்கும். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 சான்றிதழைக்கூட மறைத்துவிட்டது, பெயரை மறைக்கவில்லை. பெங்களூரின் சிஐஎஸ் ஆய்வாளர்கள் 2019இல் சோதித்தபோது, ஜியோ எஸ்என்ஐயில் உள்ள பெயரைப் படித்துத் தளங்களைத் தடுப்பது தெரியவந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேதமில்லை, தேடியவர் மட்டும் காணாமல் போவார். பொறியாளனாகப் பார்த்தால் சுத்தமான வேலை. ஆனால் யாஹூ குழுமங்களை மூடியபோது எழுந்த கூச்சல் இதற்கு எழாது, பாதிக்கப்பட்டவர் ஒருவர்தானே. எனக்கு இதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

அந்தப் பெயரையும் மறைக்க ஈசிஹெச் என்ற ஏற்பாடு இப்போது உலாவிகளில் வந்திருக்கிறது. ஆனால் அது பகிர்ந்த முகவரியில் இருப்பவருக்குத்தான் உதவும். தனி ஐபி வைத்திருப்பவர் பெயரை எவ்வளவு மறைத்தாலும் எண்ணே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 2024 பிப்ரவரி முதல் அமேசான் கிளவுடில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறார்கள். இன்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தக் காசை மிச்சப்படுத்தி ஆயிரம் பேரோடு கூட்டத்தில் இருங்கள் என்கிறேன். அதே ஆண்டு நவம்பரில், ஈசிஹெச் பயன்படுத்தும் இணைப்புகளையே ரஷ்யா தடுக்கத் தொடங்கிவிட்டது.