ஓஸ்லோவுக்குச் சென்ற பரிந்துரைக் கடிதங்கள்

ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் மற்றப் பரிசுகளை ஸ்வீடன் நாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தார். அமைதிப் பரிசை மட்டும் நார்வே நாடாளுமன்றம் தெரிந்தெடுக்கும் ஐவர் குழுவிடம் விட்டார். 1901 முதல் அக்குழு பரிசு வழங்கி வருகிறது. யாரும் தம் பெயரைத் தாமே முன்மொழிய முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், அமைச்சர்கள், முன்னர் பரிசு பெற்றோர், வரலாறு, சட்டம், தத்துவம், சமயம் முதலிய துறைகளின் பேராசிரியர்கள் போன்றோரே பரிந்துரைக்கலாம்.

இந்த உரிமையின் வலிமையை உலகம் கண்டது கார்ல் ஃபொன் ஒசீட்ஸ்கி விஷயத்தில்தான். பெர்லினில் 'டி வெல்ட்ப்யூனே' வார இதழின் ஆசிரியர் அவர். ஜெர்மனி இரகசியமாக விமானப்படை வளர்ப்பதை வெளியிட்டதற்காக 1931இல் தண்டிக்கப்பட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 1933 பிப்ரவரியில், அவரை மீண்டும் பிடித்துச் சென்றார்கள். தப்பிச் செல்லும்படி நண்பர்கள் மன்றாடியும் அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. எஸ்டர்வேகன் வதைமுகாமில் காசநோய் அவரை உருக்கியது.

நாடு கடந்து வாழ்ந்த நண்பர்கள் பரிசுக் குழுவை நாடினார்கள். பல நாட்டுப் பேராசிரியர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பரிந்துரைத்தார்கள். தாமஸ் மன்னும் ஐன்ஸ்டைனும் குரல் கொடுத்தார்கள். ஓஸ்லோவில் அகதியாயிருந்த வில்லி பிராண்ட் என்ற இளைஞர் ஆதரவு திரட்ட ஓயாமல் உழைத்தார். அறிஞர்களின் கையெழுத்து இதைவிட உயர்ந்த காரியத்துக்குப் பயன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியின் சினம் குழுவுக்குள்ளும் எட்டியது. குழு உறுப்பினர்களான, அப்போது நார்வேயின் வெளியுறவு அமைச்சராயிருந்த கூட் (Koht) என்பவரும் முன்னாள் பிரதமர் மோவிங்கலும் இந்த முடிவில் பங்கேற்காமல் விலகிக்கொண்டனர். ஆயினும் 1935ஆம் ஆண்டுக்கான பரிசு 1936 நவம்பரில் ஒசீட்ஸ்கிக்கே அறிவிக்கப்பட்டது. பரிசை மறுக்கச் சொல்லி நாஜி அமைச்சர் கோரிங் வற்புறுத்தினார். நோயாளியான அந்த எழுத்தாளர் இணங்கவில்லை. ஓஸ்லோ செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை; 1938 மே மாதம் காவலிலேயே இறந்தார். இப்பரிசின் விளைவாக, பதவியிலுள்ள அமைச்சர்கள் குழுவில் இருக்கலாகாது என்று நார்வே விதி வகுத்தது. ஜெர்மானியர் எவரும் நோபல் பரிசு பெறக் கூடாதென்று ஹிட்லர் தடை விதித்தார்.

ஒசீட்ஸ்கிக்காக உழைத்த வில்லி பிராண்ட் பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார். 1971இல் அதே பரிசைப் பெற்றார்.

பரிந்துரைத்தோர் பெயர்களைப் பரிசுக் குழு ஐம்பது ஆண்டுகள் வெளியிடுவதில்லை. எனவே புகழுக்காகச் செய்யும் காரியமல்ல இது. இம்மலரை வாசிக்கும் பேராசிரியர்களில் அத்தகுதி உடையோர், சிறையில் வாடும் எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் நினைத்துப் பாருங்கள். பரிந்துரைக்கக் கடைசி நாள் ஆண்டுதோறும் ஜனவரி 31.