டெமோவில் தோற்ற சாப்ட்வேர் கிடையாது

அம்பத்தூர் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பெரிய கம்பெனிகளில் பிளானிங் பார்க்கும் பழைய சகாக்கள் இப்போதெல்லாம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஏஐ வைத்த சப்ளை செயின் சாப்ட்வேரை நாலைந்து பேர் வந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எதை எடுப்பது? நான் பிராண்டு பெயர் சொல்வதில்லை. இதே சந்தையில் இதற்கு முன் யார் என்ன வாங்கினார்கள், வாங்கியபின் என்ன ஆனது என்றுதான் சொல்வேன். சொல்வதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கதை இருக்கிறது.

கணக்கு முதலில் வந்தது, கம்ப்யூட்டர் பிறகு. 1913-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இருந்த ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் ‘ஃபேக்டரி’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பாகத்தை ஒரே தடவையில் எத்தனை செய்வது என்பது விஷயம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் மெஷின் செட்டிங் செலவு ஏறும். மொத்தமாகச் செய்து அடுக்கினால் பணம் ஸ்டோர்ஸில் முடங்கும். இரண்டும் சமமாகும் இடத்தை அவர் ஒரே ஒரு வர்க்கமூலத்துக்குள் அடக்கிவிட்டார். நான் படித்த பாடப்புத்தகத்தில் அது வேறொருவர் பெயரில், ‘வில்சன் ஃபார்முலா’. ஹாரிஸின் மூலக் கட்டுரையை எல்லோரும் மறந்து, 1980-களின் கடைசியில்தான் ஒரு பேராசிரியர் தேடி எடுத்தார். அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு: தேவை மாதா மாதம் ஒரே சீராக இருக்க வேண்டும். அப்படி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததில்லை.

தேவை ஏறி இறங்குவதைப் பிடிக்க, ராபர்ட் பிரவுன், சார்லஸ் ஹோல்ட், பீட்டர் வின்டர்ஸ் ஆகியோர் 1950-களிலும் 1960-லும் ஒரு முறையைச் செப்பனிட்டார்கள். போன மாதம் நாம் ஊகித்தது எவ்வளவு, உண்மையில் விற்றது எவ்வளவு, இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்தால் அடுத்த மாத ஊகம். எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங் என்று பெயர். எக்செல்லில் ஒரு வரியில் எழுதிவிடலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து வந்தவர் ஜோசப் ஆர்லிக்கி. 1960-களின் தொடக்கத்தில் ஜே.ஐ. கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியில் இருந்தார். அவர் சொன்னது இதுதான்: எத்தனை டிராக்டர் என்று முடிவானால், எத்தனை சக்கரம், எத்தனை போல்ட் என்பதெல்லாம் பாகப் பட்டியலைப் பெருக்கினால் வந்துவிடும், அதைத் தனியாக ஏன் ஊகிக்கிறீர்கள்? இதைத்தான் மெட்டீரியல் ரிக்வயர்மென்ட்ஸ் பிளானிங், சுருக்கமாக எம்ஆர்பி என்கிறோம். 1972-ல் அமெரிக்காவில் இதைப் பரப்ப ஒரு பெரிய இயக்கமே நடந்தது. வாங்கிப் போட்ட பல கம்பெனிகளில் அது ஓடவில்லை. ஏன் என்று ஆராய்ந்த ஆலிவர் வைட், கம்பெனிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்க ஒரு பட்டியல் போட்டார். அதில் முதல் தரத்துக்கு ஸ்டாக் பதிவு குறைந்தது 95 சதவீதமும், பாகப் பட்டியல் 98 சதவீதமும் சரியாக இருக்க வேண்டும்.

இந்த 95 எதற்கு என்பது ரேக்கில் நூல் கட்டித் தொங்கும் பின் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம். இரவு ஷிப்டில் அசெம்பிளி லைனில் ஆயில் சீல் தீர்ந்துபோகும். ஸ்டோர்கீப்பர் இருக்க மாட்டார். சூப்பர்வைசர் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறந்து இருநூறு எடுத்துப் போவார். இஷ்யூ ஸ்லிப்பைக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. காலையில் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கார்டில் 640, பெட்டியில் 440. கம்ப்யூட்டர் 640-ஐ நம்பி அந்த வாரம் ஆர்டரே போடாது. வெள்ளிக்கிழமை லைன் நிற்கும். ஷார்ட்டேஜ் லிஸ்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஆள் சப்ளையர் வாசலில் நிற்பான், சீல் கையில் வரும்வரை நகர மாட்டான். சாப்ட்வேரில் ஒரு குற்றமும் இருக்காது.

எம்ஆர்பிக்கு வேறொரு குறை உண்டு. மெஷினுக்கு ஒரு நாளில் இருபத்து நாலு மணி நேரம்தான் என்பது அதற்குத் தெரியாது. கேட்ட அளவுக்கு ஓடும் என்று நினைத்துக்கொள்ளும். இந்தக் குறைதான் அடுத்த வியாபாரத்துக்கு வழி திறந்தது. ஹைதராபாத்தில் பிறந்த சஞ்சீவ் சித்து, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1988-ல் கென் சர்மாவோடு சேர்ந்து டல்லாஸில் அவர் தொடங்கியதுதான் ஐ2 டெக்னாலஜீஸ். பொருளையும் மெஷின் திறனையும் ஒருசேரக் கணக்கில் எடுத்துத் திட்டம் போடும் சாப்ட்வேர் அவர்களுடையது. ஏஐ இந்தத் தொழிலுக்கு நேற்றுத்தான் வந்தது என்று யாராவது உங்களிடம் ஸ்லைடு போட்டால், 1988 என்று சொல்லிப் பாருங்கள்.

ஐ2-வின் பெயர் உலகத்துக்கே தெரியவந்தது நைக்கி விவகாரத்தில்தான். சுமார் 40 கோடி டாலரில் நைக்கி தன் சப்ளை செயினைப் புதுப்பிக்க இறங்கியது. அதில் ஐ2-வின் பங்கு பத்தில் ஒன்று. எந்த ஷூ எவ்வளவு விற்கும் என்று ஊகிக்கும் பகுதி 2000-ம் ஆண்டு ஜூனில் ஓடத் தொடங்கியது. நைக்கியின் பழைய சிஸ்டங்களோடு ஒட்டவைப்பதற்காக அதை இழுத்து, வெட்டி, தைத்திருந்தார்கள். சில ஆர்டர்கள் பழைய சிஸ்டத்தில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை என்று ஆசிய ஃபேக்டரிகளுக்கு இரண்டு தடவை போயின. ஓடாத மாடல் மலையாகக் குவிந்தது. ஏர் ஜோர்டன் போன்ற ஓடும் சரக்குக்குப் பஞ்சம். கப்பலில் வரவேண்டிய ஷூவை விமானத்தில் ஏற்றினார்கள்.

2001 பிப்ரவரி கடைசியில் நைக்கி வாய் திறந்தது: அந்தக் காலாண்டில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை போச்சு. பங்கு விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. 40 கோடி டாலர் கொடுத்ததற்கு இதுதானா கிடைத்தது என்று நைக்கியின் தலைவர் ஃபில் நைட் வெளிப்படையாகவே கேட்டார். நாங்கள் சொன்ன முறைப்படி நைக்கி செய்யவில்லை என்றது ஐ2. என்னைக் கேட்டால் இருவர் சொன்னதும் நிஜம். ஆனால் நைக்கி அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு முக்கியம். ஷூவுக்கான கிட்டத்து ஊகத்தை ஐ2-விலிருந்து எடுத்துவிட்டு, கைக்கு வந்திருக்கும் ஆர்டரையே அடிப்படையாகக் கொண்ட எளிய கணக்குக்குத் திரும்பியது. கடைக்காரர்கள் ஆறு மாதம் முன்பே ஆர்டர் கொடுக்கிற வியாபாரம் அது. ஆர்டர் புத்தகம் கையில் இருக்கும்போது ஜோசியம் எதற்கு?

இதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி, சுமார் 11 கோடி டாலர் செலவில், மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் சாப்ட்வேரை ஒரே நேரத்தில் ஓடவிட்டது. அதுவும் 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் வந்து விழும் சீசனில். கிடங்கில் சரக்கு இருந்தது, அது எங்கே இருக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. சீசனில் அவசரத்துக்குச் சரக்கு அடுக்கும் இடங்களைப் பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள் என்று பின்னால் பேசப்பட்டது. எங்கள் ஆயில் சீல் கதைதான், தொகைதான் வேறு: 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் பட்டாசுக் கடைக் கணக்கை மாற்ற எந்த முதலாளியாவது சம்மதிப்பாரா?

டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறைக் கடைக் கம்பெனி கனடாவுக்குப் போன கதையும் இதே ரகம். 2013-ல் ஒரே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். அமெரிக்காவில் ஓடிய சொந்த சாப்ட்வேருக்குக் கனடா டாலரும் பிரெஞ்சும் வராது என்று புதிதாக வாங்கினார்கள். பொருள் விவரம் ஏற்றியவர்கள் அவசரத்தில் அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் குழப்பினார்கள். கிடங்கு நிரம்பி வழிந்தது, கடையில் ரேக் காலி. கனடாவில் விற்ற சரித்திரமே இல்லாத கம்பெனிக்கு ஊகிக்கும் சாப்ட்வேர் எதை வைத்து ஊகிக்கும்? 2015-ல் 133 கடைகளையும் மூடிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஐ2 என்ன ஆனது? 2010-ல் ஜேடிஏ என்ற கம்பெனி வாங்கியது. ஐ2-வின் பழைய போட்டியாளரான மேனுஜிஸ்டிக்ஸை அதே ஜேடிஏ 2006-லேயே விழுங்கியிருந்தது. மிக்கேல் ஃபைன்ட் என்ற ஜெர்மன் துகள் இயற்பியலாளர் தொடங்கிய ப்ளூ யோண்டரை 2018-ல் வாங்கி, 2020-ல் அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. மறுவருஷம் பானசோனிக் கைக்குப் போனது. சித்துவோ 2009-ல் ஓ நைன் என்ற புதுக் கடையைத் திறந்துவிட்டார். ஆக, உங்கள் மேஜையில் உள்ள நாலைந்து பெயர்களில் இரண்டு ஒரே வீட்டுப் பங்காளிகளாக இருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடிபட்ட அனுபவமும் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்த இடத்தில் தோற்றீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரோடு மேற்கொண்டு பேசலாம்.

சரி, ஏஐ வேலை செய்யுமா? செய்யும். ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் என்ற கிரேக்கப் பேராசிரியர் 1982-லிருந்து ஊகிக்கும் முறைகளுக்குப் போட்டி நடத்திவருகிறார். ஆரம்பப் போட்டிகளில் சிக்கலான முறைகள் எளிய முறைகளை ஜெயிக்கவில்லை. 2020-ல் வால்மார்ட் கடைகளின் விற்பனைக் கணக்கைக் கொடுத்து எம்5 போட்டி வைத்தார். இந்தத் தடவை மெஷின் லேர்னிங் ஜெயித்தது. முதலிடம் கொரியாவைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவருக்கு. எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங்கைவிட முன்னணி அணிகள் 20 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக ஊகித்தன. விற்க வருபவர் இதுவரை சொல்வார். கலந்துகொண்ட 5,500-க்கும் மேற்பட்ட அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், அந்த ஒரு வரிக் கணக்கைத் தாண்ட முடியாமல் நின்றன என்பதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களே, விற்பவர் கொண்டுவரும் டேட்டாவில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் மூன்று வருஷ விற்பனையைக் கொடுங்கள், கடைசி ஆறு மாதத்தை மறைத்துவிடுங்கள். அந்த ஆறு மாதத்தை அவர் ஊகிக்கட்டும். பக்கத்தில் உங்கள் பையன் ஒருவன் எக்செல்லில் ஸ்மூதிங் போடட்டும். அவர் தாண்டவில்லை என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். தாண்டினாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் அன்றே கையெழுத்து வேண்டாம். முதலில் ஸ்டோர்ஸுக்குப் போய் ஏதாவது நூறு ஐட்டத்தை எண்ணுங்கள். சிஸ்டத்தோடு 95 ஒத்துப்போனால் வந்து கையெழுத்துப் போடுங்கள். போகவில்லை என்றால், அந்தப் பணத்தில் இரவு ஷிப்டுக்கு ஒரு ஸ்டோர்கீப்பரைப் போடுங்கள்.