சாட்சி சொல்லும் படங்கள்

மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பழைய தகரப் பெட்டி ஒன்று இல்லாத வீடு அரிது. லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோனவர்கள்கூட அந்தப் பெட்டியை மட்டும் கையோடு கொண்டுபோயிருப்பார்கள். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு ஆகியவற்றோடு நாலைந்து புகைப்படங்களும் அதற்குள் கிடக்கும். அவற்றுள் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். வேட்டி கட்டிய இளைஞர் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறார். "தாத்தா சைக்கிளோடு நிற்கிறார்" என்று பேரப்பிள்ளை சொல்லும். அதற்கு மேல் அந்தப் படத்தில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது, நேயர்களே. ஆனால் அதைப் படம் தானாகச் சொல்லாது.

தொழிலாளர்களும் மாணவர்களும் நடத்திய போராட்டங்களைப் புகைப்படங்கள் எவ்வாறு காத்துவைத்தன, எவ்வாறு காக்கத் தவறின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில். ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1848 ஏப்ரல் 10-ஆம் நாள், இலண்டனில் கென்னிங்டன் திடலில் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஆண்மக்கள் எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டும், வாக்கை மறைவாகப் போடும் வசதி வேண்டும் என்று கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் அவர்கள். வில்லியம் கில்பர்ன் என்பவர் அந்தக் கூட்டத்தை வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் படமாக்கினார். மக்கள் கூட்டத்தைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடம் தொழிலாளர் வீடு அன்று. அரச குடும்பத்தார் அதைப் பெற்றுத் தம் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். போராடியவர்கள் ஒரு பக்கம், படத்தை வைத்திருந்தவர்கள் மறுபக்கம். இந்தக் கதை பிறகும் பல இடங்களில் நடந்தது.

1871-இல் பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் இரண்டு மாத காலம் நகரைத் தாங்களே ஆண்டார்கள். தெருத் தடுப்புகளின் முன்னும், தாங்கள் வீழ்த்திய வெண்டோம் தூணின் அருகிலும் பெருமையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எழுச்சி அடக்கப்பட்டபின் போலீசார் அதே படங்களைக் கொண்டு ஆட்களை அடையாளம் கண்டு பிடித்தார்கள். படம் சாட்சி சொல்லும் என்பது உண்மை. ஆனால் யார் பக்கம் சொல்லும் என்பது, அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்குள் காமிரா வைத்திருந்தவர் யார்? துரை வைத்திருந்தார். துரைமார் அழைத்துவந்த படக்காரர் வைத்திருந்தார். ஆகவே அக்காலத் தோட்டப் படங்களில் பங்களா தெரியும், பால்மரம் வரிசை வரிசையாகத் தெரியும். மரத்தோடு மரமாக நம்மவர் நிற்பார்கள். பெயர் இராது. படத்தின் கீழே "கூலிகள்" என்ற ஒரே சொல் இருக்கும்.

1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய கிள்ளான் இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் நோயாளிக்கு மருத்துவமும் வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்கமாட்டோம் என்றார்கள்.

மே மாதம் 6-ஆம் நாள் நாதன் கைதானார். பின்னர் அவர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. அரசு அவசரகாலம் அறிவித்துத் துருப்புகளை இறக்கியது. தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

இப்போது தகரப் பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் படத்தை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். அது அந்த ஆண்டுகளில் எடுத்த படமானால், அந்தச் சைக்கிள் வெறும் சைக்கிளா? அதன்மேல் ஏறி உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகும் உரிமைக்காக மனிதர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். படம் சைக்கிளைக் காட்டும். இறங்கி நின்ற அவமானத்தையும் இறங்க மறுத்த துணிவையும், தெரிந்தவர் ஒருவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

1948-இல் மீண்டும் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். அதில் படமும் பெருவிரல் ரேகையும் இருந்தன. நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர்களாக விரும்பி எடுத்துக்கொண்ட படம் அன்று அது. அரசாங்கம் அவர்களை அறிந்து வைத்துக்கொள்வதற்காக எடுத்த படம். ஆயினும் இன்று அந்தச் சிறு முகம் ஒன்றுதான் சில வீடுகளில் மிஞ்சியிருக்கிறது.

நம் மலாக்கா மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1967-இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையை முறையிடக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். அந்தச் சாலையில் பஸ் ஏறிப் போனவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்பது தெரியும். அப்படி நடந்தவர்களில் ஒருவர் உங்கள் உறவினராக இருக்கலாம். அவருடைய படம் உங்கள் பெட்டியிலேயே இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

ஏழாண்டு கழித்து, 1974-இல், ரப்பர் விலை சரிந்து கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசியால் வாடித் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் டிசம்பர் 3-ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். பால்மரத்தை நம்பி வாழ்ந்தவனின் பசிக்காகப் படித்த பிள்ளைகள் சிறை சென்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

மாணவர் போராட்டத்துக்கு உலகம் முழுவதும் அடையாளமாகிவிட்ட படம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்டது. 1976 ஜூன் 16-ஆம் நாள், சொவேட்டோ நகரில், ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவன் விழுந்தான். அவனை இன்னோர் இளைஞன் கையில் ஏந்தி ஓட, உடன் அக்காள் அழுதுகொண்டே ஓடுகிறாள். சாம் என்சிமா எடுத்த அந்தப் படம் உலகின் மனச்சாட்சியைத் தொட்டது. ஆனால் படமெடுத்தவர் போலீசாரின் தொல்லையால் அந்தத் தொழிலையே விட நேர்ந்தது. சிறுவனை ஏந்திய இளைஞன் நாட்டைவிட்டே ஓடினான். அந்தப் படத்தின் வலிமைக்கு ஒரு காரணம், அதிலுள்ள மூவரின் பெயரும் நமக்குத் தெரியும் என்பதுதான். பெயர் தெரிந்த முகத்தை எவராலும் மறைக்க முடிவதில்லை.

2007 நவம்பர் 25-ஆம் நாள் இந்து உரிமைகள் பணிப்படையின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூரில் பல்லாயிரம் தமிழர்கள் கூடியதைப் பலரும் அறிவீர்கள். கண்ணீர்ப் புகையும் நீர் பீரங்கியும் பாய்ந்தன. காந்தியடிகள் படத்தைக் கையில் பிடித்திருந்தோரை உலகப் பத்திரிகைகள் படமெடுத்தன. அன்று நம்மவர் கைகளிலும் காமிராக்கள் இருந்தன. 1941-க்கும் 2007-க்கும் உள்ள பெரிய வேறுபாடு அது. துரை எடுத்த படத்தில் மரத்தோடு மரமாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டார்கள்.

ஆனால், நேயர்களே, இன்று கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோம். ஒன்றின் கீழேனும் பெயர் எழுதுகிறோமா? பெயர் எழுதாவிட்டால் நாளைக்கு நாமும் வெறும் "கூட்டம்"தான். துரையின் படத்தில் "கூலிகள்" ஆனவர்களுக்கும் நமக்கும் பிறகு என்ன வேறுபாடு?

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, அன்று என்ன நடந்தது என்ற நான்கையும் கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பசை தடவி ஒட்டாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெரியவருக்கு நினைவில்லாததை நீங்களாக இட்டுக்கட்டி எழுதிவிடாதீர்கள். பொய்ச்சாட்சி எழுதிய படம், எழுதாத படத்தைவிடக் கேடு.

தோட்டங்கள் பல விற்கப்பட்டுவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, பெரட்டுக் களம் இருந்த இடத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. நடந்ததைச் சொல்ல மண்ணில் அடையாளம் இல்லாதபோது, மிஞ்சியிருப்பவை அந்தப் படங்களும், அவற்றை விளக்கத் தெரிந்த ஒன்றிரண்டு முதியவர்களுந்தான். படம் காத்திருக்கும். முதியவர் காத்திருக்கமாட்டார்.