மாதிரிச் சிப்பி

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26-ஆம் தேதி கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்டு 5-ஆம் தேதி முடியும். 2022-ஆம் வருஷம் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். கத்தோலிக்கப் பரதவர் குலத்தில் பிறந்தவள். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருவிழா நாட்களில் ஒரு பூசையும் தவறவிட மாட்டாள்.

ஒருநாள் மாலை அவள் வீட்டு வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் அவளுடைய பேரன் கைப்பேசியைப் பார்த்து ஒரு செய்தியை உரக்க வாசித்தான். அமெரிக்காவில் கான்ஸாஸ் என்று ஒரு மாநிலம். "கருக்கலைப்புக்கு மாநில சாசனத்தில் உரிமை கிடையாது என்று எழுதிவிடலாமா?" என்று ஆகஸ்டு 2-ஆம் தேதி ஜனங்களையே கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 59 பேர் 'கூடாது' என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். கத்தோலிக்க மறைமாவட்டம் பெரும் பணம் கொடுத்து ஆதரித்த யோசனை அது. 1968 முதல் ஜனாதிபதி தேர்தல்களில் குடியரசுக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு வெற்றி தராத மாநிலமும்கூட.

"அப்படின்னா நவம்பர் தேர்தல்ல அந்தக் கட்சி தோத்துருமா, ஆச்சி?" என்று கேட்டான் பையன்.

"என்கிட்ட ஏன் கேக்க? ஏட்டி, நீதான கதை எழுதுதவ, நீ சொல்லு" என்று அவள் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் 1955-க்கும் 1961-க்கும் இடையே நடந்த சலாபங்களே கடைசி. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி சேரவில்லை. கரையில் குவித்த சிப்பிகள் அழுகும் நாற்றத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன குழந்தைகளில் நாங்கள் இருவரும் உண்டு. ஆனால் பெரியவர்கள் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. சலாபம் நடத்தலாமா வேண்டாமா என்று சர்க்கார் எப்படித் தீர்மானிக்கும்? சிப்பியை வெளியே பார்த்து உள்ளே முத்து இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முன்கூட்டியே பாரில் ஆட்களை மூழ்கச் செய்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றிலுள்ள முத்துக்களை விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கு வந்தால் சலாபத்தை அறிவிப்பார்கள். அதுதான் மாதிரிச் சிப்பி. பிறகு நடக்கும் ஏலத்தில், திறக்காத சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக விலை போகும். வாங்குகிறவன் நல்லதையும் சொத்தையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாநிலங்களில் ஒரே ஒரு கேள்வியை வைத்து நடத்தும் வாக்கெடுப்பு, மாதிரிச் சிப்பியைத் திறந்து பார்ப்பது போன்றது. பொதுத் தேர்தலோ திறக்காத சிப்பிக் குவியலின் ஏலம். விலைவாசி, வேலை, யுத்தம், ஜாதி, நிறம், வேட்பாளரின் முகராசி எல்லாம் அந்தக் குவியலில் கிடக்கின்றன. மாதிரியைப் பார்த்துக் குவியலை மதிப்பிடலாமா என்பதுதான் பையன் கேட்ட கேள்வி.

மதிப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கைப் பக்கம், 1903 முதல் சில வருஷங்கள் சிப்பி கொட்டியது. 1905-இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு லண்டனில் ஒரு கம்பெனி கூடிற்று. 1906-இல் அந்தப் பார்களை வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு அங்கே குளிக்கச் சிப்பியே இல்லை. ஐந்தாறு வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாதிரி பொய் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துக் கடலைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க விவகாரத்தின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. 2022 ஜூன் 24-ஆம் தேதி அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விஷயத்தை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. உடனே மாநிலந்தோறும் வாக்கெடுப்புகள் கிளம்பின. கான்ஸாஸ் முதலாவது.

நவம்பரில் என்ன நடந்தது? கான்ஸாஸில் ஜனநாயகக் கட்சியின் பெண் கவர்னர் மயிரிழையில் மீண்டும் ஜெயித்தார். அதே நாளில், அதே ஜனங்கள், கருக்கலைப்பை எதிர்க்கும் குடியரசுக் கட்சி செனட்டருக்கு நூற்றுக்கு 60 பேராக ஓட்டளித்தார்கள். மிச்சிகனில் கதை வேறு. அங்கே கேள்வியும் பொதுத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. கருக்கலைப்பு உரிமை வென்றது; கவர்னர் பதவியோடு சட்டசபையின் இரு அவைகளும், ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகு, ஒருசேர ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. இதைக் கண்டதும் அந்தக் கட்சிக்காரர்கள் லண்டன் கம்பெனி போலவே உற்சாகமடைந்தார்கள். வருங்காலத் தேர்தல்களுக்கெல்லாம் ஒரு முத்துப்பார் கிடைத்துவிட்டது என்று எண்ணினார்கள்.

2024 நவம்பர் 5-ஆம் தேதி பத்து மாநிலங்கள் இந்தக் கேள்விக்கு ஓட்டளித்தன. ஏழில் உரிமையின் பக்கம் வென்றது. புளோரிடாவில் நூற்றுக்கு 57 பேர் ஆதரித்தும், சட்டப்படி 60 தேவை என்பதால் தோற்றது. ஆனால் அரிசோனா, மிசூரி, மான்டானா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களில் கருக்கலைப்பு உரிமைக்கு 'ஆம்' என்று குத்திய ஜனங்கள், அதே நாளில் டிரம்ப்பையும் ஜெயிக்கவைத்தார்கள். முந்தைய தீர்ப்பை ரத்து செய்த நீதிபதிகளில் மூவரை நியமித்தவர் அவர்தான்!

இதில் முரண்பாடு இருப்பதாக முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. தனியாகக் கேட்ட கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்ட பெண்மணி, "அந்தக் காரியம் முடிந்தது" என்று நிம்மதியடைந்து, மற்றச் சீட்டில் அரிசி பருப்பு விலையை நினைத்து ஓட்டுப் போட்டிருக்கலாம் அல்லவா? வாக்கெடுப்பு கட்சிக்கு உதவுவதற்குப் பதிலாக, அந்தக் கேள்வியைக் கட்சியிடமிருந்து விடுவித்துவிடுகிறது என்பது என் ஊகம்.

அயர்லாந்தும் இதையே காட்டுகிறது. அது கத்தோலிக்க நாடு. 1983-இல் நூற்றுக்கு 67 பேர் கருக்கலைப்பைத் தடுக்கும் விதியைச் சாசனத்தில் சேர்த்தார்கள். 2012-இல் நம் கர்நாடகத்துப் பெண் சவிதா ஹலப்பனவர், கரு தங்காது என்று தெரிந்த பிறகும் கலைக்க அனுமதி கிடைக்காமல், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் விஷமாகி இறந்துபோனார். 2018-இல் நூற்றுக்கு 66 பேர் அந்த விதியை நீக்கினார்கள். அந்த வாக்கெடுப்பை நடத்திய பிரதமரின் கட்சி 2020 பொதுத் தேர்தலில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஜனங்கள் அப்போது வீட்டு வாடகையையும் வைத்தியச் செலவையும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். நம்மை யாராவது கேட்டார்களா?

1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருஷம் வரையிலும், கரு உயிர்ப்பு அசைவு கண்ட பிறகானால் ஏழு வருஷம் வரையிலும் சிறை விதித்தது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். 1958-இல் என் சித்தி இறந்தாள். ஐந்து குழந்தைகளின் தாய். எங்கள் தெருவுக்கு வேற்றூர் மருத்துவச்சி ஒருத்தி இரவில் வந்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சித்திக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். 'விஷக் காய்ச்சல்' என்று ஊருக்குச் சொன்னோம். பத்து வயதில் நானும் அப்படியே சொன்னேன். பையனின் கேள்வி என்னை விடாததற்குக் காரணம் இதுதான்.

1964-இல் மத்திய சர்க்கார் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் மடிவதைத் தடுக்கச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று 1966-இல் கமிட்டி சொல்லிற்று. 1971 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தது. வறுமையை ஒழிப்பது பற்றிப் பேசினார்கள். இதைப் பற்றி ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. ஆகஸ்டு மாதம் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்க நீதிமன்றத்தின் முதல் தீர்ப்புக்கு ஒன்பது மாதம் முந்தி! ஊர்வலம் இல்லை, கல்லெறி இல்லை. எத்தனையோ சித்திகள் அதனால் பிழைத்திருப்பார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று சொல்லவில்லை. டாக்டர் நல்லெண்ணத்துடன் முடிவு செய்தால் அவர்மீது குற்றமில்லை என்றுதான் சொல்லிற்று.

நம் நாட்டிலும் உடம்பு விஷயம் தேர்தலைப் புரட்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976–77-இல், எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அவற்றில் சுமார் அறுபது லட்சம் ஆண்களுக்கு. வடக்கே ஆசிரியர்களுக்குக்கூட 'இத்தனை ஆள் பிடித்து வா' என்று கணக்கு வைத்தார்கள். 1977 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும், பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பலவந்தம் அவ்வளவு கடுமையாக இல்லாத தெற்கே அதே கட்சி ஜெயித்தது. இந்தக் கடற்கரையின் திருச்செந்தூர்த் தொகுதியில் காங்கிரஸின் கே. டி. கோசல்ராம் வென்றார்.

ஆகவே விதி என்னவென்றால், ஆட்சியாளரின் கையே ஜனங்களின் உடம்பைத் தொட்டால் குவியல் முழுவதும் ஒரே நாற்றமாகிவிடும். அப்போது மாதிரி தேவையில்லை. ஆனால் அதற்கடுத்துச் சரித்திரம் செய்ததைப் பாருங்கள். சர்க்கார் பயந்துபோய்க் குடும்பத் திட்ட இலாகாவின் பெயரைக் 'குடும்ப நலம்' என்று மாற்றியது. ஆண்கள் பக்கம் மறுபடி போகவே இல்லை. பிற்பாடு நடந்த கருத்தடை ஆபரேஷன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண்களுக்கே நடந்தன. பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்த முகாம்களும் உண்டு. அதனால் எந்த சர்க்காரும் கவிழவில்லை. ஆண்கள் ஓட்டுப் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். பெண்களின் பதிலை யாரும் தனியாக எடுத்து மதிப்பிடவில்லை.

2021-இல் பார்லிமெண்டு சில வகைப் பெண்களுக்கு 20 வார வரம்பை 24 ஆக உயர்த்தியது. 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் அதில் சமபங்கு உண்டு என்றது. நல்லதுதான். ஆனால் இவையும் கமிட்டியும் கோர்ட்டும் தந்தவை. தந்தவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது என்று நம்பி இருக்கிறோம். அமெரிக்கப் பெண்களும் 49 வருஷம் அப்படித்தான் நம்பி இருந்தார்கள். கேட்டுப் பெற்ற பதிலும் சாசுவதமல்ல: மிசூரியில் 2024-இல் ஜனங்கள் தந்த பதிலை 2026-இல் திரும்பக் கேட்பது என்று 2025-ஆம் வருஷம் அம்மாநிலச் சட்டசபை தீர்மானித்துவிட்டது.

திருவிழா முடிந்த இரவு தோழியிடம் நேராகவே கேட்டேன்: "அந்தக் கான்ஸாஸ் சீட்டு உன் கையில் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" அவள் கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது பாவம். அதில் சந்தேகமே இல்லை.

"பாவம் வேற, போலீஸ் வேற, ஏட்டி" என்றாள் கடைசியில். "உங்க சித்தி செத்தன்னைக்கு எங்க அம்மா மாதாகிட்ட மெழுகுதிரி வச்சா. எதுக்குன்னு எனக்கு அப்பமே தெரியும்."

அறுபத்துநாலு வருஷம் அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.